இரவல்

அன்று காலை எட்டுப் பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.
உள்ளே போனவர்கள் மூன்று நிமிடத்தில் திரும்பினார்கள்.
கோரி ஹாலிவெல் மட்டும் பதினொரு நிமிடம்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
கோல்கீப்பருக்கு எண்ணுவதுதான் பிழைப்பு:
சுவரில் எத்தனை பேர், தூணுக்கு எத்தனை அடி.

எனக்கு ஒரு கைகுலுக்கல், ஓர் உறை.
அவனுக்கு இரண்டு வருட ஒப்பந்தம்,
நாற்பத்தேழாம் எண் சட்டை.
வயது இருவருக்கும் பதினெட்டு.

நான் டயர் கடைக்குப் போனேன்.
அவனை இரவல் கொடுத்தார்கள்.

முதலில் ஹார்ன்ஸ்பி டவுன், ஆறாம் அடுக்கு.
பந்து வேலி தாண்டினால் கால்வாய்;
அதை அள்ளி எடுக்கவென்றே
நீண்ட வலையோடு ஒரு மனிதர், சம்பளம் கிடையாது.
செவ்வாய் இரவு. கூட்டம் இருநூற்றுப் பதினேழு,
நாய்கள் தனி.
எதிரணியின் தடுப்பாட்டக்காரர் பகலில் கூரை ஓடு மாற்றுகிறவர்,
முப்பத்தாறு வயது,
முழங்கை அவருக்கு மூன்றாவது கால்.
முதல் பாதியில் கோரியின் மூக்கு உடைந்தது.
இரண்டாம் பாதியில் இரண்டு கோல்.

பஞ்சடைத்த மூக்கோடு நள்ளிரவில் போன் செய்தான்:
"இங்கே தோற்றால் யாரும் 'நல்ல முயற்சி' என்பதில்லை.
போனஸ் போச்சே என்கிறார்கள்.
அது அவர்கள் வீட்டு வாடகை."
அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.

பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பதுபோல
மே மாதம் அவனைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
ஆகஸ்டில் வேறொரு வீடு.
கெல்ஷா யுனைடெட்: பதினான்கு ஆட்டம், மூன்று கோல், இரண்டு மேனேஜர்.
அதற்கடுத்து கடலோரத்தில் ஒரு கிளப்.
காற்று அங்கே
உதைத்தவனிடமே பந்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

முதுகில் எண் முப்பத்துமூன்றாகி, இருபத்தாறாகி,
பத்தொன்பதாகி,
லிஃப்ட் போல இறங்கிக்கொண்டிருந்தது.
இறங்க இறங்கத்தான் ஏற்றம்
என்று அவன் அம்மா லொரேனுக்கு நான்தான் விளக்கினேன்,
அவர் காரின் முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே.

இருபத்திரண்டில் தாய்க் கிளப் கூப்பிட்டது.
இருபத்தேழாயிரம் பேர்.
எண்பத்தெட்டாம் நிமிடம் இறக்கினார்கள்.
பந்து அவனை நான்கு முறை தொட்டது.
ஆம், பந்துதான் அவனைத் தொட்டது:
மூன்று முறை பின்னால் தள்ளிவிட்டான்,
நான்காவது கணுக்காலில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது.
அவ்வளவுதான். விசில்.
லொரேன் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் விற்றுவிட்டார்கள்.
"தொகை வெளியிடப்படவில்லை."
எங்கள் கடையில் டயருக்குக்கூட
விலை எழுதிச் சுவரில் மாட்டியிருக்கும்.

வாங்கியவர்கள் நான்காம் அடுக்கு.
ஒன்பதாம் எண்ணைத் தந்தார்கள்.
நெடுஞ்சாலைகளில் உறங்கி, சேற்றில் விழித்து,
அறுபத்தொரு ஆட்டம், பதினேழு கோல்.
இடது முழங்காலில் ஒரு தழும்பு.

இந்த நவம்பரில் கோப்பையின் முதல் சுற்று.
குலுக்கலில் வந்தது அவன் கிளப்பும்
சனிக்கிழமை மட்டும் நான் காவல் நிற்கும் என் கிளப்பும்.
மூன்று கோல் வாங்கியிருந்தோம்.
பெனால்டி.
பந்தை வைத்தான். என்னைப் பார்க்கவில்லை.
அவன் என் இடப்பக்கம்தான் அடிப்பான்,
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.
இடப்பக்கமே அடித்தான்.
விரல் நுனி பட்டது.
போதவில்லை.

ஆட்டம் முடிந்து சட்டையைக் கழற்றி நீட்டினான்,
ஹாலிவெல், ஒன்பது, ஈரம்.
நானும் கழற்றினேன்.
சட்டைகளுக்குப் பொறுப்பான கிழவர் ஓடிவந்தார்:
"தம்பி, அது கணக்கில் இருக்கு. சீசன் முடிய இரண்டே செட்."

சிரித்துவிட்டோம்.
திருப்பிக் கொடுத்தேன்.
குளிரில் வெற்று மார்போடு
இருவரும் கொஞ்சம் நின்றோம்.
"முழங்கால்?" என்றேன்.
"செவ்வாய்க்கிழமை ஆட்டம் இருக்கு" என்றான்,
அதுதான் பதில் என்பதுபோல.